கல்லூரிக் கட்டணம்: கடமையா, அன்பளிப்பா, கடனா?



சென்ற ஆண்டு மே மாதம். பிளஸ் டூ முடிவுகள் வெளியாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. கள்ளக்குறிச்சியில் ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கல்வராயன் மலையில் கரியாலூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். சரக்கு எடுக்கவும் ஜும்ஆவுக்கும் கச்சிராயபாளையம் வழியாக மலை இறங்கி வருவது அவருக்கு வழக்கம். அன்று கையில் சரக்குப் பை இல்லை. ஒரு தனியார் கல்லூரியின் விளம்பரத் தாள் இருந்தது.

"ஹஜ்ரத், பையனை இன்ஜினியரிங் சேர்க்கணும். ஹாஸ்டலோட சேர்த்து நாலு வருஷத்துக்கு எட்டு லட்சம் ஆகும்ங்கறாங்க. பிள்ளையைப் படிக்க வைக்கிறது அத்தா மேல ஃபர்ளுதானே? ஃபர்ளுன்னா கடன் வாங்கியாவது செஞ்சுதானே ஆகணும்?"

அவருடைய கணக்கைக் கேட்டோம். கடை வாடகை, சரக்கு, வண்டிக்கூலி போக மாதம் 28 ஆயிரம் ரூபாய் கையில் நிற்கும். அதுவும் எல்லா மாதமும் அல்ல. மரவள்ளி வெட்டி விற்ற பிறகுதான் மலைக்காரர்கள் கடன் பாக்கியைத் தீர்ப்பார்கள். அடிவாரத்தில் சொந்த வீடு ஒன்று. பெட்டியில் 12 பவுன் நகை. மூத்தவன் இந்தப் பையன். அடுத்தவள் பிளஸ் ஒன் முடித்தவள். கடைசிப் பையன் ஒன்பதாம் வகுப்பு. நகையை விற்று முதல் இரண்டு ஆண்டையும், வீட்டை அடமானம் வைத்து அடுத்த இரண்டு ஆண்டையும் ஓட்டிவிடலாம் என்பது அவர் திட்டம். சீட்டு பிடித்துத் தருவதாகச் சொன்ன ஓர் ஏஜென்டிடம் 25 ஆயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டார்.

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. மே, ஜூன் மாதங்களில் நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் பல வீடுகளில் இதே கேள்விதான் ஓடுகிறது. ஆகவே அவரிடம் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

ஒரே பணம், மூன்று பெயர்கள்

பெற்றோர் பிள்ளைக்குக் கட்டும் கல்லூரிப் பணத்துக்கு மார்க்கச் சட்டத்தில் மூன்று பெயர்களில் ஒன்று இருக்கும். ஒன்று நஃபகா, அதாவது கடமையான பராமரிப்புச் செலவு. இரண்டு ஹிபா, அதாவது அன்பளிப்பு. மூன்று கர்ள், அதாவது கடன். மூன்றுக்கும் சட்டம் வேறு. நஃபகாவைக் கொடுக்காமல் இருந்தால் குற்றம். ஹிபாவைக் கொடுக்காமல் இருந்தால் குற்றமில்லை, ஆனால் கொடுத்தால் பிள்ளைகளிடையே நீதி வேண்டும். கர்ள் என்றால் திரும்பக் கேட்கலாம், ஆனால் கொடுக்கும்போதே அது கடன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? பணத்தைக் கட்டும்போது எந்தப் பெயரும் வைப்பதில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, சொத்துப் பேச்சு வரும்போதுதான் ஆளுக்கொரு பெயர் வைக்கிறார்கள். அத்தா அதைக் கடன் என்கிறார். படித்தவன் அது அத்தாவின் கடமை என்கிறான். படிக்காத தம்பி, அண்ணன் தன் பங்கை அன்றைக்கே வாங்கிவிட்டான் என்கிறான். சண்டையின் வேர், பணம் கட்டிய நாளில் யாரும் பேசாமல் விட்டதில் இருக்கிறது.

நஃபகா எதுவரை?

பிள்ளையின் உணவு, உடை, இருப்பிடம் தந்தையின் பொறுப்பு. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தை இதற்கு ஆதாரமாக அறிஞர்கள் காட்டுவார்கள். ஆனால் அந்தப் பொறுப்புக்கு ஓர் அளவு உண்டு. அத்தலாக் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் உள்ளவர் தமக்குக் கிடைத்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்று கற்பிக்கிறது. சக்திக்கு மீறியது கடமையாவதில்லை.

ஆண் பிள்ளை பருவமடைந்து, உழைத்துச் சம்பாதிக்கும் உடல் தகுதியும் பெற்றுவிட்டால் பொதுவாகத் தந்தையின் கடமை முடிகிறது. இதில் ஒரு விதிவிலக்கை ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் சொல்கிறார்கள். கல்வியில் ஈடுபட்டிருப்பதால் சம்பாதிக்க முடியாத மகனுக்கு நஃபகா தொடரும். 19ஆம் நூற்றாண்டில் திமிஷ்க் நகரில் வாழ்ந்த இப்னு ஆபிதீன் (ரஹ்) இதைப் பேசும்போது, அந்த மாணவன் நன்னடத்தை உள்ளவனாக, உண்மையிலேயே படிப்பவனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துச் சொல்கிறார். அவர்கள் முதன்மையாகக் கருதியது மார்க்கக் கல்வியை. பயனுள்ள உலகக் கல்விக்கும் இதைப் பொருத்துவோர் இக்காலத்தில் உண்டு. நாமும் அதையே சரியெனக் காண்கிறோம். மருத்துவத்தையும் கணக்கையும் சமுதாயத்தின் மீதான ஃபர்ளு கிஃபாயாவில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) சேர்த்திருப்பது நமக்குத் துணை.

ஆக, உண்மையாகப் படிக்கும் மகனுக்குச் சோறு, துணி, தங்குமிடம் ஆகியவற்றைத் தம் சக்திக்குட்பட்டுத் தருவது தந்தையின் பொறுப்பில் தொடரும் என்று சொல்ல இடமுண்டு. ஆனால் இன்ன கல்லூரியில், இன்ன பாடப்பிரிவில், இவ்வளவு விலை கொடுத்துச் சேர்க்க வேண்டும் என்பது எந்த மத்ஹபிலும் ஃபர்ளு அல்ல. எட்டு லட்சம் ரூபாய் சீட்டு வாங்கித் தராத தந்தை பாவியாகமாட்டார். அரியர் மேல் அரியர் வைத்துக்கொண்டு பைக்குக்குப் பெட்ரோல் காசு கேட்கும் மகன் அதை உரிமை என்று சொல்லவும் முடியாது.

நாட்டுச் சட்டமும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. 1997இல் நூர் சபா கத்தூன் வழக்கில், முஸ்லிம் பிள்ளைகள் பருவ வயது அடையும் வரை அல்லது தம்மைத் தாமே பராமரிக்கும் நிலை வரும் வரை தந்தையிடம் ஜீவனாம்சம் பெறலாம் என்றும், மகளுக்கு இது திருமணம் வரை உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில், பிரிந்து வாழ்ந்த ஒரு தம்பதியின் வழக்கில், மகளுக்குத் தன் படிப்புச் செலவைப் பெற்றோரிடம் பெறும் உரிமை உண்டு என்றும், அது அவர்களுடைய வசதிக்கு உட்பட்டது என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. மார்க்கமும் சட்டமும் வசதியைப் பார்த்தே பேசுகின்றன.

மகளின் இடம் எங்கே?

இங்கேதான் நம் சமுதாயம் சட்டத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறது. வயது வந்த, உடல் நலமுள்ள மகனின் நஃபகா பற்றித்தான் கேள்வியும் விதிவிலக்கும் வருகின்றன. சொந்தச் செல்வமோ வருமானமோ இல்லாத மகளுக்கு ஹனஃபி சட்டத்தில் அந்தக் கேள்வியே இல்லை. திருமணம் வரை அவளுடைய பராமரிப்பு தந்தையின் மீது. அப்படியிருக்க, மகனுக்காக வீட்டை அடகு வைக்கத் துணியும் நாம், மகள் கேட்டால் மட்டும் பஸ் கட்டணத்தைக் கணக்குப் பார்க்கிறோம்.

கரியாலூர்க்காரரிடம் அந்த 12 பவுனைப் பற்றிக் கேட்டோம். யாருடையது?

"பாப்பாவுக்குன்னு சேர்த்தது ஹஜ்ரத். அவ அஞ்சாவது படிக்கிறப்பவே, இது உனக்குத்தான்னு அவகிட்டயே சொல்லி எடுத்தது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தோம்."

"அப்படியானால் அது உங்களுடையது இல்லை."

அவர் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். பருவமடையாத பிள்ளைக்குத் தந்தை ஒரு பொருளைத் தெளிவாக அன்பளித்துவிட்டால், அது தந்தையின் பெட்டியிலேயே இருந்தாலும் அன்பளிப்பு நிறைவேறிவிடுகிறது. பிள்ளைக்காகத் தந்தையே அதைக் கைப்பற்றியவராகிறார். ஹனஃபி சட்டத்தில் அந்த அன்பளிப்பைத் திரும்பப் பெறவும் முடியாது. பிற்காலத்தில் கொடுக்கலாம் என்ற எண்ணம் மனதில் மட்டும் இருந்திருந்தால் சட்டம் வேறு. ஆனால் அவர் அவளிடமே சொல்லி, அவளுக்கென்றே எடுத்திருக்கிறார். அதை விற்று மகனுக்குக் கட்டணம் கட்டினால் ஒரு பிள்ளையின் சொத்தை எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்ததாகும். தந்தையின் அன்பு அதை ஹலாலாக்கிவிடாது.

எத்தனை வீடுகளில் இது நடக்கிறது என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். மகளின் நகை அண்ணனின் கட்டணமாகிறது. பிறகு மகளின் திருமணத்துக்கு நகை இல்லையென்று வட்டிக்கு வாங்கப்படுகிறது.

அன்பளிப்பில் நீதி

கடமையான அளவுக்கு மேல் தரும் பணம் ஹிபா. இதில் நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் சம்பவம் நமக்கு வழிகாட்டி. அவருடைய தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்று தெரிந்ததும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். அந்த அன்பளிப்புக்கு நபியவர்களின் சாட்சியம் வேண்டும் என்று வலியுறுத்தியது நுஃமானின் தாயார் என்பதும் கவனிக்கத் தக்கது.

பிள்ளைகளிடையே சமமாகக் கொடுப்பது கட்டாயம் என்பது ஹன்பலி அறிஞர்களின் கருத்து. பெரும்பான்மையோர் அதை வலியுறுத்தப்பட்ட நற்செயல் என்றும், காரணமின்றி வேறுபடுத்துவது வெறுக்கத் தக்கது என்றும் சொல்கிறார்கள். ஒரு பிள்ளையின் நோய், வறுமை, கல்வி போன்ற காரணத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்க இப்னு குதாமா (ரஹ்) போன்றோர் இடமளிக்கிறார்கள். ஆகவே மருத்துவம் படிக்கும் மகளுக்கும் டிப்ளமோ படிக்கும் மகனுக்கும் ஒரே தொகைதான் தர வேண்டும் என்பதில்லை. நீதி என்பது ஒவ்வொருவருக்கும் வாசலைத் திறந்து வைப்பது. ஒருவனுக்காக எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்துவிட்டு மற்ற இருவரிடமும் வெறுங்கையை விரிப்பது நீதியில் சேராது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாழும்போது தந்தை கட்டிய கட்டணத்தை வாரிசுப் பங்கிலிருந்து கழிக்க முடியாது. இறந்தவர் விட்டுச் சென்றதில்தான் வாரிசுரிமை பேசப்படுகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் பங்குகள் யார் எவ்வளவு படித்தார்கள் என்று கேட்பதில்லை. "உன்னைப் படிக்க வைத்தோமே, உனக்கு நிலத்தில் பங்கு எதற்கு?" என்று சகோதரியிடம் சொல்லும் சகோதரர்கள் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ள வேண்டும். விவசாய நிலத்துக்கு ஷரீஅத் பொருந்தாது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தில் இருந்த அந்த விலக்கை 1949இலேயே சென்னை மாகாணம் நீக்கிவிட்டது.

கடன் என்றால் எழுதுங்கள்

சில தந்தையருக்குச் சும்மா கொடுக்க வசதியில்லை. ஆனால் கையில் இருப்பதைத் தந்துவிட்டு மகன் சம்பாதிக்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். இதில் தவறேதும் இல்லை. தந்தைக்கும் மகனுக்கும் இடையே கடன் ஆகுமானதே. ஆனால் முதலிலேயே சொல்லி, எழுதி, சாட்சி வைக்க வேண்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282 கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது என்பதை நினைவில் வையுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் செலவழித்தால் அது தானாக மனமுவந்து கொடுத்ததாகவே கருதப்படும். பின்னர் மகனுக்குச் சம்பளம் வந்ததும் அதைக் கடன் என்று மாற்ற முடியாது.

பெற்றோர் வறியவர்களாகிவிட்டால் அவர்களைப் பராமரிப்பது வசதியுள்ள பிள்ளைகளின் மீது கடமை. ஆனால் அது கட்டணத்துக்குத் தவணை அல்ல. படிக்க வைக்காத தந்தைக்கும் அந்த உரிமை உண்டு.

வட்டிக் கடன் பற்றி

வங்கிக் கல்விக் கடனைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் குறிப்பிட்ட படிப்புகளுக்குப் படிக்கும் காலத்திலும் அதன் பின் ஓராண்டும் வட்டியை அரசு ஏற்கும் திட்டம் உள்ளது. அதனால் இது வட்டியில்லாக் கடன்தானே என்கிறார்கள். அந்த அவகாசம் முடிந்ததும் வட்டி நம் மீது ஓடத் தொடங்குகிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே வட்டிக்குச் சம்மதித்துத்தான் கையெழுத்திடுகிறோம். எனவே இதை ஆகுமென்று நாம் சொல்லமாட்டோம். வேறு எந்த வழியும் இல்லாத நிர்ப்பந்தம் என்று ஒருவர் கருதினால், தம் வீட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டு நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் நேரில் கேட்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்பது நிர்ப்பந்தம் ஆகாது. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்பதும் நிர்ப்பந்தம் ஆகாது.

கட்டுவதற்கு முன் விசாரியுங்கள்

கடைசியாக அவரிடம், "பையன் எந்தப் பள்ளியில் படித்தான்?" என்று கேட்டோம்.

"மலையிலதான் ஹஜ்ரத். ஆறாவதுலேர்ந்து கவர்மென்ட் ஸ்கூல்தான்."

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தமிழகத்தில் உள்ளது. அதில் கலந்தாய்வு மூலம் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எட்டு லட்சத்துக்கு வீட்டை அடகு வைக்க வந்தவருக்கு இது தெரியவே தெரியாது. முன்பணம் வாங்கிய ஏஜென்டும் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு என்ன லாபம்?

ஆகவே மார்க்கத் தீர்ப்பு கேட்பதற்கு முன்னால் இவற்றையும் விசாரித்துவிடுங்கள்:

- அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு.
- பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் உள்ள 3.5 சதவீத ஒதுக்கீடு. சாதிச் சான்றிதழை முடிவு வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.
- குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை. இது கலந்தாய்வில் வரும் இடத்துக்குத்தான், நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. வீட்டில் ஒருவருக்கே கிடைக்கும் என்பதால் எந்தப் பிள்ளைக்கு அதிகம் பயன்படும் என்று யோசியுங்கள்.
- அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழியிலோ படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய்.
- அரசு கலை அறிவியல் கல்லூரிகள். இவற்றைத் தோற்றவர்கள் போகும் இடமாக நினைக்காதீர்கள். நாமும் கலைப் பிரிவில் பட்டம் பெற்றவர்தான்.

புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றி ஒரு செய்தி. அது முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டமாக இருந்தது. 2022இல் அரசு அதை உயர்கல்வி உதவியாக மாற்றியது. மண்டபத்துக்கும் விருந்துக்கும் சேர்க்கும் பணத்தை நம் வீடுகளும் ஒருமுறை அப்படி மாற்றி யோசிக்கலாமே. மணமகன் மஹர் கொடுக்க வேண்டிய மார்க்கத்தில், பெண் வீட்டார் திருமணத்துக்காகக் கடன்படுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஜமாஅத்தின் பொறுப்பு

ஒரு தந்தையால் முடியாதது மஹல்லாவால் முடியும். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் வந்தன. திருச்சிக் கல்லூரிக்கு ஹாஜி ஜமால் முஹம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் தம் செல்வத்தைக் கொடுத்தார்கள். அவர்கள் தம் பிள்ளைக்கு மட்டும் கட்டணம் கட்டிவிட்டுப் போயிருந்தால் இன்று நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

கல்லூரி கட்ட எல்லோராலும் முடியாது. ஆனால் பைத்துல்மாலில் கல்விக்கென்று ஒரு பகுதி ஒதுக்கி, வட்டியில்லாத அழகிய கடன் கொடுக்க ஒவ்வொரு ஜமாஅத்தாலும் முடியும். ஜகாத்தையும் தகுதியுள்ள ஏழை மாணவருக்குக் கொடுக்கலாம். தம் சொந்தப் பிள்ளைக்குத் தம் ஜகாத்தைக் கொடுக்க முடியாது. ஆனால் சாச்சா, மாமா கொடுக்கலாம், உறவைப் பேணிய நன்மையும் சேரும். ஹனஃபி சட்டப்படி ஜகாத்தை மாணவருக்கே உரிமையாக்க வேண்டும் என்பதால், அவர் கையில் கொடுத்து அவர் கட்டட்டும், அல்லது அவருடைய அனுமதி பெற்று அவர் சார்பில் கட்டுங்கள். எதிர்காலக் கட்டணத்துக்கென்று நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பணம் நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் அதற்கும் ஜகாத் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரு நாள் உட்காருங்கள்

முடிவுகள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு குடும்பமாக உட்காருங்கள். தாயும் மகளும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். வருமானத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். இவ்வளவு என் கடமையில் தருகிறேன், இவ்வளவு அன்பளிப்பு, இதற்கு மேல் வேண்டுமென்றால் கடன் என்று பெயர் வைத்துச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். அத்தாவிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை பெரும்பாலும் தன் ஆசையைத் தானே அளந்துகொள்கிறான்.

கரியாலூர்க்காரரின் மகன் அந்த வாரமே கலந்தாய்வுக்குப் பதிவு செய்தான். கேட்ட பாடப்பிரிவு கிடைக்கவில்லை, சிவில்தான் கிடைத்தது. ஒரு வாரம் வீட்டில் யாரிடமும் பேசாமல் இருந்தானாம். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். ஏஜென்டிடம் கொடுத்த 25 ஆயிரம் திரும்பவில்லை. வீட்டின் மீது கடன் இல்லை. 12 பவுன் மகளிடம் இருக்கிறது. இந்த ஆண்டு அவளும் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். நர்சிங் படிக்க விரும்புகிறாளாம். சென்ற ஜும்ஆவுக்கு வந்தபோது அவர் நம்மிடம் கேட்டது ஃபத்வா அல்ல, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு ஹலாலான பொருளையும், அதை அவர்களிடையே நீதியாகச் செலவிடும் மனதையும் தந்தருள்வானாக. ஆமீன்.